சூரியனுக்குப் பக்கத்தில் போனால் சுட வேண்டாமா?

கேள்வி: மலை உச்சி சூரியனுக்குப் பக்கம்தானே? பிறகு ஏன் மேட்டுப்பாளையம் வேகும்போது ஊட்டி நடுங்குகிறது?

பதில்: சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஊட்டியின் உயரமோ சுமார் 2.2 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சென்னைக்குக் கிளம்பியவர் அரை விரற்கடை நகர்ந்துவிட்டு, "கிட்ட வந்துட்டேன்!" என்பது போலத்தான் இது.

காற்றுக்கு அடுப்பு சூரியன் இல்லை, தரை. வெயில் பெரும்பாலும் காற்றைக் கடந்துபோய் மண்ணைச் சுடவைக்கிறது. மண் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிந்து குளிர்கிறது. சைக்கிள் டியூப் வால்வை அழுத்திப் பாருங்கள்: சீறி வரும் காற்று விரலில் சில்லென்று படும். இப்படி, கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் ஏறத்தாழ 12 டிகிரி வித்தியாசம் வருவது அதனால்தான்.

விமானம் பறக்கும் 11 கிலோமீட்டர் உயரத்தில் சராசரி மைனஸ் 56 டிகிரி. அதற்கும் மேலே கதை திரும்புகிறது! அங்குள்ள ஓசோன் புற ஊதாக் கதிரை விழுங்கிச் சூடாவதால், 50 கிலோமீட்டர் வாக்கில் வெப்பநிலை மறுபடி பூஜ்ஜியத்தை நெருங்குகிறது. ஊட்டிக்கு ஸ்வெட்டர் நீங்கள் எடுத்துப்போகலாம். பூமிக்கு இருப்பது அந்த ஓசோன் குடை ஒன்றுதான். அதைக் கிழியாமல் காப்போம்.