நாயனமும் நாலு சார்ஜரும்

சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு நாதஸ்வர வித்வான். டிவியில் 'தில்லானா மோகனாம்பாள்' போட்டால் வீடே கப்சிப். 1968இல் வந்த படம். வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி. வாயில் வைத்தது சிவாஜி. பத்மினி கண் கலங்கும் இடத்தில் நம்மவர், "சீவாளியப் பாரு, என்னமா பிடிக்கிறாரு!" என்பார். "கதையப் பாக்க விடுங்களேன்" என்பார் சம்சாரம்.

கையிலிருப்பது நரசிங்கம்பேட்டை ஆச்சா மரத்து நாயனம். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. போதுமா? ஒத்து ஊதிய பையன் திருப்பூர் போய்விட்டான். அவன் இடத்தில் சுருதிப் பெட்டி. கூடவே காலர் மைக், புளூடூத் ஸ்பீக்கர், செல்போன். மண்டபத்தில் முதலில் விசாரிப்பது பிளக் பாயிண்டை, பிறகே முகூர்த்தத்தை. கரண்ட் போனால் தவில்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படியொரு பூரிப்பு!