யானைக்குக் குளிக்கத் தெரியும், சித்தப்பா

பரத்பூர், சித்வன், நேபாளம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இந்த நாட்டில் கடிகாரம் நம்மூரைவிடக் கால் மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலண்டர் ஏறக்குறைய 57 வருஷம் முன்னால் ஓடுகிறது. எனவே எதிர்காலத்திலிருந்து ஒரு பெரியவர் பதில் எழுதுவதாக எண்ணிக்கொண்டு படியுங்கள். கல்லூரி லீவில் பாப்பா சித்வன் காட்டோரம் ஒரு தாரு இனத்தார் வீட்டில் தங்கி வனவிலங்குகளுக்குத் தொண்டு செய்யலாமா, அதற்கு ஏஜென்சி கேட்கும் பணத்தைக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வந்து தங்கட்டும். தொண்டு மட்டும் வேண்டாம். வெளியூர்க்காரர் தங்குவதற்குக் கொடுக்கும் காசு இந்தக் காட்டுக்கும் ஊருக்கும் உதவுகிறது. அவர் செய்யும் வேலை பெரும்பாலும் உபத்திரவம்.

வேலை என்ன என்று பாருங்கள். நோட்டீஸில் முதலிடம் யானைக் குளியலுக்கு. யானைக்குக் குளிக்கத் தெரியும். ராப்தி ஆறும் பக்கத்திலேயே ஓடுகிறது. ஹத்திசார் எனப்படும் யானைக் கொட்டாரங்களில் பணீத், பச்சுவா, மாஹுத் என்று படிநிலை வைத்து ஒரு யானைக்கு மூன்று பேர் வரை பார்த்துக்கொள்வது இங்கே பழைய வழக்கம். நெல்லையும் வெல்லத்தையும் உப்பையும் புல்லுக்குள் பொதிந்து முறுக்கிக் 'குச்சி' என்ற கவளம் கட்டுவார்கள். அதற்கே கைப்பழக்கம் வேண்டும். முறுக்கு தளர்ந்தால் நெல் முழுக்கத் தரையில். இரண்டு வாரம் வந்து போகிறவருக்கு அங்கே மிச்சமிருப்பது செல்ஃபி மட்டும்தான். அடுத்தது களை பிடுங்குவது. மிக்கானியா என்ற படர்கொடி காண்டாமிருகம் மேயும் இடங்களை மூடிக்கொண்டு வருகிறது. அது உண்மையான தலைவலி. ஆனால் அதன் தண்டில் மண்ணைத் தொடும் கணுவெல்லாம் வேர்விடும். உற்சாகமாக அறுத்துத் துண்டு துண்டாக வீசுகிறவர் ஒரு கொடியைப் பத்தாக்கிவிட்டு விமானம் ஏறுகிறார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லித்தரும் வேலையும் உண்டு. வருகிறவர் எல்லோரும் ஏ-பி-சி-டியிலிருந்து ஆரம்பித்தால், பிள்ளைகளும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். கல்யாணத்துக்கு வந்தவர், பரிமாறுகிறவர் கையிலிருந்து சாம்பார் வாளியைப் பிடுங்கிக்கொண்டு பந்தி முழுக்கச் சிந்துவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆர்வம்தான் இதுவும்.

சாம்பார் சிந்தினால் துடைத்துவிடலாம். அநாதை இல்லத் தொண்டு அப்படியல்ல. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு யுனிசெஃப் இதைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்தது. நேபாளத்தின் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். அந்த இல்லங்களும் ஏழ்மை மிகுந்த மலை மாவட்டங்களில் இல்லை. சுற்றுலாக்காரர் கூடும் சில மாவட்டங்களில்தான் குவிந்திருக்கின்றன. சித்வனும் அவற்றில் ஒன்று. காசோடும் கருணையோடும் ஆட்கள் வந்து இறங்கும் இடத்தில், கருணைக்கு வேண்டிய குழந்தைகளைப் படிப்பு வாங்கித் தருவதாகச் சொல்லிக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்து சேர்க்க ஆளுண்டு. ஏஜென்சிப் பட்டியலில் இப்படி ஓர் இல்லம் இருந்தால், மேற்கொண்டு படிக்காமல் கிழித்துப் போடுங்கள்.

இனி வீட்டு வாடகைக்கு வருகிறேன். அதற்கு முன் காட்டின் கணக்கு. சித்வன் 1973-இல் நேபாளத்தின் முதல் தேசியப் பூங்காவானது. 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2021 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் இருந்த 752 காண்டாமிருகங்களில் 694 இங்கேதான். 2009-இல் 121 ஆக இருந்த நேபாளப் புலிகள் 2022-இல் 355 ஆயின. உலகம் கைதட்டுகிறது. கைதட்டுகிறவர் வயலில் காண்டாமிருகம் நெல் மேய்வதில்லை. அவர் ஆட்டைப் புலி தூக்கிப் போவதுமில்லை. அந்தச் செலவெல்லாம் காட்டோரத்துக் குடியானவன் கணக்கில் ஏறுகிறது. இதை உணர்ந்துதான் நேபாள அரசு 1990-களில் சட்டத்தைத் திருத்தி, பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை சுற்றுப்புற ஊர்களுக்குத் திருப்பித்தர வழிசெய்தது. 2010-இல் ஹோம்ஸ்டேக்கும் விதிமுறை வந்தது. சமுதாய ஹோம்ஸ்டே என்றால் குறைந்தது ஐந்து வீடுகளாவது சேர்ந்து நடத்த வேண்டும். பூங்காவின் மேற்கே அமல்தாரி கிராமத்துத் தாரு, போட்டே, முசஹர் குடும்பங்கள் 2013-இல் இப்படித் தொடங்கியவைதான். ராத்திரி வயலில் பரண்கட்டிக் காவலிருப்பவனுக்குக் காண்டாமிருகத்தால் பத்து ரூபாய் வரும் என்றால்தான், அது உயிரோடு இருப்பதில் அவனுக்கும் ஓர் அக்கறை பிறக்கும். பாப்பா வீட்டுக்காரர் கையில் கொடுக்கும் காசு, அவள் பிடுங்கப்போகும் களையைவிட அதிகமாகக் காட்டைக் காக்கும்.

"காசை விட்டெறிந்துவிட்டு வருவதற்குப் பெயர் சேவையா?" என்று நீங்கள் கேட்பீர்கள். கைநிறையக் காசைக் கட்டித்தானே தொண்டுக்கும் வருகிறார்கள்! அதில் ஒரு பங்கு ஊருக்கு வரும் வழியில் எத்தனை கைகளில் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் கேள்வி. கால்நடை மருத்துவரோ ஆராய்ச்சி மாணவரோ மாதக்கணக்கில் தங்கி, உள்ளூர்க்காரர் கேட்ட வேலையைச் செய்தால் அதை நானும் கும்பிடுவேன்; பாப்பா பி.காம். இரண்டாம் வருஷம். ஹோம்ஸ்டேயிலும் குறையில்லாமல் இல்லை. கூடுதலாக ஓர் அறை வைத்திருப்பவனுக்குத்தான் விருந்தாளி வருவான். ஓட்டைக் குடிசைக்காரனுக்குப் புலி மட்டும்தான் வரும். விருந்தாளிக்காக ராத்திரிதோறும் கம்பாட்டம் ஆடுவது அலுப்பாகத்தான் இருக்கும். இதெல்லாம் மெய். ஆனாலும் முறைவைத்து விருந்தாளியை வீடு வீடாகப் பிரித்து அனுப்பும் ஊர்க் கமிட்டியிடம் இந்தக் குறைக்குப் பஞ்சாயத்து வைக்கலாம். எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்து சர்டிஃபிகேட் அச்சடிக்கும் ஏஜென்சியிடம் யார் போய்க் கேட்பது? சர்டிஃபிகேட் இருந்தால் வேலைக்கு மனுப்போடும்போது உதவுமே என்று சித்தி சொல்வாள். அதற்கு மட்டும் என்னிடம் பதிலில்லை, உதவினாலும் உதவும்.

ஒரு யோசனை. மே மாதம் வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தொடும். அதற்கப்புறம் மழை, யானைப்புல் ஆளுயரம் தாண்டி வளர்ந்து, காண்டாமிருகம் பத்தடியில் நின்றாலும் தெரியாது. குளிர் விலகும் மார்ச்தான் தோது. அதற்குள் தாரு சமையலைப் பற்றி அவளிடம் பக்குவமாகச் சொல்லிவையுங்கள். அரிசிமாவை ஆவியில் வேகவைத்த டிக்ரியில் ஆபத்தில்லை. கோங்கி என்று சொல்லித் தட்டில் வைத்தால் அது நத்தை. ஓட்டை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். காட்டுக்குள் வழிகாட்டி இல்லாமல் நடக்க முடியாது. அவர் முதலில் சொல்லும் பாடம், காண்டாமிருகம் துரத்தினால் வளைந்து வளைந்து ஓடு, மரம் கிடைத்தால் ஏறு என்பது. வளைந்து ஓட நம் பஜார் டிராஃபிக்கிலேயே பழகியிருப்பாள். மரமேறத்தான் பயிற்சி போதாது. கொல்லையில் கொய்யா இருக்கிறதே, அதில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

சித்திக்கு என் நமஸ்காரம். பாப்பா வரும்போது இரண்டு கிலோ காபிப்பொடி, சிக்கரி கலக்காமல்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்