ஐவரிக்கும் கிரீமுக்கும் நடுவே

பொங்கலுக்கு வீட்டைப் புதுப்பிக்கும் மார்கழியில் எந்தப் பெயிண்ட் கடையிலும் இவரைப் பார்க்கலாம். பச்சையா நீலமா என்றால் நொடியில் முடித்துவிடுவார். ஐவரியா கிரீமா என்பதில்தான் ஆள் உட்கார்ந்துவிடுவார். ஷேடு கார்டை வாசல் வெயிலில் பிடிப்பார், உள்ளே வந்து டியூப்லைட்டுக்கு அடியில் பிடிப்பார், "இதுல மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இல்ல?" என்று முன்பின் தெரியாதவரையும் சாட்சிக்கு இழுப்பார். வீட்டில் பட்டி பார்த்து, பிரைமரும் அடித்துவிட்டு, கவிழ்த்த பக்கெட்டின் மேல் மூன்றாவது டீயோடு காத்திருக்கும் பெயிண்டர், "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லி நிரந்தரப் பகையைச் சம்பாதித்துக்கொள்வார்.

பெயிண்டர் பேச்சில் விஷயம் இருக்கிறது. பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் கறுப்பு நூல் சரியில்லை என்று புகார் வந்தது. சாயப் பொறுப்பிலிருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், சாயம் சரியாகவே இருப்பதையும் பக்கத்து நூலின் நிறம்தான் கண்ணை ஏமாற்றுவதையும் கண்டறிந்து, 1839இல் தடிமனான புத்தகமே போட்டார். நம்மவருக்கும் கார்டில் இரண்டும் ஒட்டி நிற்பதால்தான் அந்த மஞ்சள் தெரிகிறது. சுவரில் ஏறப்போவது ஒன்றுதான். ஒப்பிட்டுப் பார்க்க மற்றது அங்கே இருக்காது. ஏறியதாவது அப்படியே நிற்குமா? 2700 கெல்வின் பல்பு மாட்டினால் ஐவரியும் மஞ்சள் தட்டும். 6500 கெல்வினில் கிரீமும் வெளிறும்.

"வருஷக்கணக்கில் பார்க்கப்போகிற சுவராச்சே" என்பார். நியாயம்தான். அதற்குச் சுண்டுவிரல் அகலக் காகிதத்தை நம்பலாமா? சுவரிலேயே இரண்டடிக்கு இரண்டடி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி, இரண்டு கோட்டு அடிக்கட்டும். ஈரத்தில் எமல்ஷன் வெளிறித் தெரியும். காய்ந்த பிறகு பகலிலும் விளக்கிலும் பார்க்கட்டும். "என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியுமே" என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் வருகிற விருந்தாளி ஷேடு கார்டோடு வரமாட்டார்; "பளிச்சுனு வெள்ளை அடிச்சிருக்கீங்களே" என்று ஒரே வார்த்தையில் இரண்டையும் தள்ளிவிடுவார்.

இரண்டுமே பிடித்ததால்தானே குழப்பம்? எதை எடுத்தாலும் நஷ்டமில்லை. அந்தக் கூர்மையான பார்வையைக் குளியலறையை ஒட்டி ஓதம் ஏறிய மூலையில் காட்டினால் புண்ணியம். ஓதம் நிற்காவிட்டால் ஐவரியும் உரியும், கிரீமும் உரியும்.