ஆழம் போறியா மாப்ளே, போ!

வாய்யா மாப்ளே, திண்ணையில உக்காரு. வீட்டுக்குப் பின்னால போர் போடப் போறியாமே? நல்ல காரியம். ராமநாதபுரம் சீமையில பொறந்தவன் வேற எதுல காசக் கரைக்கிறது?

நீரோட்டம் பாக்குறவரு உள்ளங்கையில தேங்காய வச்சுக்கிட்டு நடந்தாராம், சனி மூலைக்குப் போனதும் தேங்கா எந்திரிச்சு நின்னுச்சாம். நிக்கும்யா, ஏன் நிக்காது? ஆனா நல்லதண்ணியா உப்புத்தண்ணியான்னு கேட்டுப் பாரு, வாயத் தொறக்காது. நூறு அடியில கரிச்சா இருநூறு போவ, அங்கயும் கரிச்சா முந்நூறு போவ. போர் வண்டிக்காரரு அடிக்கணக்குலதான காசு வாங்குறாரு, ருசிக்கணக்குலயா வாங்குறாரு?

கடலோர மண்ணுய்யா இது. மழைத்தண்ணி லேசு, உப்புத்தண்ணி கனம். நல்லது மேலாப்புல மெல்லிசா நிக்கும், உப்பு அடியில கெடக்கும். மோட்டாரப் போட்டு மேல உள்ளத உறிஞ்ச உறிஞ்ச, அடியில உள்ளது ஏறி வரும். எங்காத்தா, அதான் ஒங்க அம்மாச்சி, மணல்ல ஊத்துத் தோண்டி சிரட்டையாலதான் மோந்து மோந்து குடத்த ரொப்புவா. வேகமா அள்ளுனா கலங்கும், ஆழமாத் தோண்டுனா கரிக்கும். பள்ளிக்கூடம் போகாதவ, ஆனா எதோட நிப்பாட்டணும்னு தெரிஞ்சவ.

ஆர்.ஓ. மெசின் வைக்கப் போறேங்கிறியா? வையி. குடிதண்ணியில லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் உப்பு இருக்கலாம், வேற கதியில்லேன்னா 2,000 வரைக்கும் பொறுத்துக்கன்னு சர்க்காரு அளவு வச்சிருக்கு. காய்ச்சிக் குடிச்சாக் கிருமி சாகும், உப்பு சாகுமா? சுண்டச் சுண்ட இன்னுங் கரிக்கும். வீட்டு மெசினு ஒரு குடம் நல்லதண்ணி குடுக்க ரெண்டு மூணு குடத்தக் கழிச்சுத் தள்ளும். அந்தக் கழிவ எங்க விடுவ? கொல்லையில. அது எங்க எறங்கும்? ஒன் போர் இருக்குற பக்கந்தான். ஒன் உப்ப நீயே எறைச்சு, நீயே வடிகட்டி, நீயே பூமிக்குத் திருப்பிக் குடுக்குற. நாணயஸ்தன்யா நீ!

அந்தக் காலத்து ஆளுக வெவரங்கெட்டவுக. ஐப்பசி கார்த்திகை மழைய நம்பிக் கண்மாயும் ஊருணியுமா வெட்டி வச்சாக. ஆர்.எஸ். மங்கலம் கண்மாய, ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ன்னு சொல்ற அளவுக்குக் கட்டி வச்சாக. வைகைத் தண்ணியக் கடலுக்கு விடாம ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குத் திருப்புனாக. நம்மதான் புத்திசாலி. வரத்துக்கால மறிச்சு பிளாட்டுப் போட்டோம். கண்மாய்க்குள்ள சீமைக்கருவேலத்த விட்டுக் கரி சுட்டோம். 2017-ல ஐகோர்ட்டு அத அழிக்கச் சொன்னப்ப, தூரோட புடுங்காம மேலாப்புல வெட்டுனோம். அதுவும் மருவாதியா மறுபடி தழைச்சிருச்சு. 2003-ல வீட்டுக்கு வீடு மழைத்தண்ணி சேக்கச் சொல்லிக் கட்டாயமாக்குனாக. கூரையில குழாய மாட்டிட்டுக் குழியத் தூத்துட்டோம். இப்பத் திருச்சிப் பக்கமிருந்து காவிரித்தண்ணி குழாய்ல வரணும். வர்ற அன்னைக்குத் தள்ளுவண்டியில குடத்த அடுக்கிக்கிட்டு ஊரே வரிசையில நிக்குது. மானத்துத்தண்ணி பாட்டுக்கு ரோட்டுல ஓடுது.

சொன்னா நீ கேக்கவா போற? போர் வண்டியக் கூப்புடுறதுக்கு முன்னால, பக்கத்து வீட்டுப் போர்த்தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சுக் குடிநீர் வாரியத்து ஆய்வகத்துல குடு. கணக்கப் பாத்துட்டு, போருக்கு வச்சிருக்கிற காசுல கூரைத்தண்ணிக்கு ஒரு தொட்டி கட்டு. மிச்சத்த ஊருணி வரத்துக்கால் தூர்வாரக் குடு, ஊரே ஒம் பேரச் சொல்லும்.

இல்ல, ஆழந்தான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறியா? அதுக்கும் வழி இருக்கு. வாலிநோக்கத்துல சர்க்காரே உப்பளம் நடத்துது. ஒன் கொல்லையிலயும் பாத்தி கட்டிருவோம். பங்குக்கு மாமனச் சேத்துக்க.