குத்தாலத்துல உக்காந்து தண்ணிக்குக் கஞ்சம்

ஏலே மருமவனே, 72 கலர் டப்பாவா? நல்லா இருல. எங்க காலத்துல கல்யாணப் பந்தலுக்கே அத்தனை கலர் கெடையாது. பெங்களூருல லீவு சொல்லிட்டு, சீசன் பாத்து வந்து, “மாமா, வாட்டர்கலர் பென்சில வச்சு மெயின் அருவிய அப்படியே நெசமா வரையப் போறேன்”னு நிக்கே. வரை, வரை. நான் என்ன குறுக்கயா விழப் போறேன்? இலஞ்சியில கொஞ்சம் வயலும் பள்ளிக்கூடத்துல டிராயிங் வாத்தியார் உத்தியோகமுமா காலத்த ஓட்டுனவன். கேக்காமயே புத்தி சொல்லுத வியாதி மட்டும் ரிட்டயர் ஆகல. காசு கேக்க மாட்டேன், ஒரு காப்பி வாங்கிக் குடு போதும்.

மொதல்ல கையில இருக்கது என்ன சாமான்னு தெரிஞ்சுக்கோ. சாதா கலர் பென்சில்ல நெறத்தப் பிடிச்சு வச்சிருக்கது மெழுகோ எண்ணெயோ. இதுல தண்ணி பட்டாக் கரையுத பசை. அவ்வளவுதான் சூட்சுமம். ஜெனீவாவுல காரன் தாஷ்னு ஒரு கம்பெனிக்காரன் 1931-ல ‘பிரிஸ்மலோ’ன்னு பேரு போட்டு இத மொதமொதல்ல கடைக்குக் கொண்டு வந்தான். அந்த ஊருல ஏரி உண்டு, பனி உண்டு, ஆனி ஆடிச் சாரல் கெடையாது. அந்தப் பென்சில நம்பி நீ அருவிக்கு எதுத்தாப்புல கூரை இல்லாம உக்காந்தேன்னு வை, பிரஷ்ஷுக்குச் சோலியே இருக்காது. சாரலே படத்த முடிச்சுக் குடுத்துரும். நீ கையெழுத்துப் போட்டா அதையும் சேத்துக் கரைச்சுட்டுப் போயிரும்.

இந்த ஊருல தண்ணிக்கு என்ன பஞ்சம்? பேரருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குத்தாலம், மேல ஏறுனா செண்பகாதேவி, அதுக்கும் மேல தேனருவி. ஆனா இங்கன இருந்துக்கிட்டு தண்ணிக்குக் கஞ்சப்பட்டாத்தான் இந்தப் பென்சில் உனக்குக் கட்டுப்படும். புதுசா வாங்குதவன் பூராவும் செய்யுத காரியம் என்ன தெரியுமா? அழுத்தி அழுத்தித் தேய்ப்பான், பிரஷ்ஷக் குவளையில முக்குவான், சொட்டச் சொட்ட அது மேல இழுப்பான். அழுத்துன கோடு கரையாம அப்படியே கெடக்கும். மேல மட்டும் குளம் கட்டும். காயும்போது ஓரத்துல நெறம் ஒதுங்கி, திட்டுத் திட்டா நிக்கும். பொறவு பென்சில் சரியில்லன்னு கம்பெனிய வைவான்.

பிரஷ்ஷுல எவ்வளவு தண்ணி வேணும்னு கேளு. விபூதி குழைக்க உள்ளங்கையில விடுவேம்லா, அந்த அளவு. முக்கு, குவளை விளிம்புல வழி, பொறவு பழைய வேட்டித் துணியில ஒரு ஒத்து. 4-ஆம் நம்பரோ 6-ஆம் நம்பரோ, முனை கூரா நிக்குத உருண்டைப் பிரஷ் ஒண்ணு போதும். வெளுத்த பக்கத்துல ஆரம்பிச்சு இருட்டுப் பக்கத்துக்குப் போ. திரும்பி வரணும்னா பிரஷ்ஷக் கழுவிட்டு வா. இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு இழுத்தேன்னா அழுகிப் போன பழத்துக் கலராயிரும்.

தாளுக்கு மட்டும் கஞ்சப்படாத. பள்ளிக்கூடத்து டிராயிங் நோட்டு ரெண்டு தடவை ஈரம் பட்டா நூல் நூலா உரிஞ்சு வரும். 300 ஜிஎஸ்எம் தாள், கொஞ்சம் சொரசொரப்பு உள்ளதா வாங்கு. பரீட்சை அட்டையில வச்சு நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டு. சீசன்ல காத்துல இருக்க ஈரத்துக்கே தாள் நெளியும். ஒரு பூச்சு போட்டா காய்ஞ்சுதான் அடுத்த பூச்சு. ஈரத்து மேல பென்சில ஓட்டுனா கோடு மையா அப்பும், தாளும் கிழியும். இங்கன காய நேரமாகும். அந்த நேரத்துல போன நோண்டாம வரையுத பொருளப் பாத்துக்கிட்டு இரு. உனக்கு ரொம்பக் கஷ்டம்தான், தெரியும்.

72 கலரையும் ஒரு துண்டுத் தாள்ல கட்டம் போட்டுத் தேய்ச்சு, பாதிக் கட்டத்த நனைச்சு வை. பென்சில் முனையில தெரியுத நெறம் ஒண்ணு, தாள்ல காய்ஞ்சு கெடக்கது ஒண்ணு, நனைஞ்ச பொறவு வாரது வேற ஒண்ணு. சிலது நனைஞ்சதும் பளிச்சுன்னு சத்தம் போடும். அது தெரியாமப் படத்துல எறங்குனா பொறவு ரப்பர் வச்சு அழிக்க முடியாது. தண்ணி பட்ட கோடு பட்டதுதான். சாதாப் பென்சில்ல அவுட்லைன் போட்டாலும் அழுத்தாத. அது மேல ஈரப் பூச்சு காய்ஞ்சா அந்தக் கருப்புக்கோடு உள்ளேயே சிக்கிக்கிடும்.

சரி, அருவிக்கு வருவோம்னு பாக்கே. வர மாட்டேன். மொதல்ல ஒரு மங்குஸ்தான் வாங்கு. ரோட்டுல வரிசையா பழக்கடை இருக்கு, ஆடிக்குள்ள நல்ல பழமா கெடைக்கும். ரம்புட்டான் வேண்டாம், அதோட முடிய எண்ணுததுக்குள்ள உன் லீவு முடிஞ்சுரும். மங்குஸ்தான் வழுவழுன்னு, கைக்கு அடக்கமா, உக்காத்தி வச்ச இடத்துல உக்காந்திருக்கும். சன்னலுக்கு ஒரு பக்கமா வச்சு, சும்மா பாரு.

தலையில நாலு பச்சை மடல், தடிச்சு, ஓரம் சுருண்டு. தோல் என்ன கலரு? கத்திரிப்பூன்னு சொல்லி வயலட்ட எடுத்தேன்னா கைய ஒடிப்பேன். நல்லாப் பாரு. வெளிச்சம் படுத எடத்துல செங்கல்லும் ரோஸும் கலந்த சிவப்பு, நடுவுல பிரவுன், நிழல்ல நீலம். ரோஸ் சிவப்ப மொதல்ல லேசா, பழத்தோட வளைவு எப்படிப் போகுதோ அப்படியே கோடு கோடா ஓட்டு. அது மேல பிரவுன். நிழல் பக்கத்துக்கு இண்டிகோ. கருப்புப் பென்சில எடுத்து மடியில கட்டி வச்சுக்கோ, பொறவு பாக்கலாம். சன்னல் பளபளக்குத எடத்துல தாளத் தொடவே தொடாத, அது வெறும் தாளா நிக்கணும். ஒரு பக்கம் மஞ்சப் பால் வடிஞ்சு காய்ஞ்ச பொட்டு இருக்கும். அத விட்டுட்டா பழம் பிளாஸ்டிக் பழமாயிரும்.

இப்போ பழத்தக் கவுத்து அடியப் பாரு. தட்டையா ஒரு பூ ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுல எத்தனை இதழோ, உள்ள அத்தனை சுளை. நீ படத்துல அடியில அஞ்சு இதழ் போட்டு, பிளந்த பழத்துல ஆறு சுளை வரைஞ்சு வச்சா, பிரேம் போட்டுப் பேஸ்புக்குல ஆயிரம் லைக்கு வாங்கலாம். கடைக்காரி மட்டும் சிரிப்பா. சுளை வெள்ளைதான், ஆனா வெள்ளைப் பென்சிலு எதுக்கு? சுளைக்கும் சுளைக்கும் நடுவுல நீலச் சாம்பல லேசா வை, தோல ஒட்டுன ஓரத்துல ஒரு துளி ரோஸ். வெள்ளை தானா எந்திரிச்சு உக்காரும்.

பழத்தக் கவுத்துப் பாக்கச் சொல்லுதானே கிழவன்னு சலிச்சுக்கிடாத. இதே வேலைய 200 வருசத்துக்கு முந்தி நம்ம ஆளுக சம்பளத்துக்குச் செஞ்சிருக்காங்க. ராபர்ட் வைட்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரன், கும்பெனி வைத்தியர், 1819-ல மதராசுல வந்து எறங்குனாரு. நோயாளியப் பாத்த நேரத்த விடச் செடியப் பாத்த நேரம் கூட. 1830-கள்ல பாளையங்கோட்டைப் பக்கம் இருந்தப்போ குத்தாலத்து மலையில புகுந்து செடி செடியாச் சேத்தாரு. அவரு சேத்த செடிகள வாட்டர்கலர்ல வரைஞ்சு குடுத்தது ரங்கையா, அவருக்குப் பொறவு கோவிந்து. 1838-ல இருந்து 1853 வரைக்கும் மதராசுல ஆறு தொகுதியா ‘ஐகோன்ஸ்’ புத்தகம் வந்துச்சு. 2000-க்கு மேல படம். செடி முழுசா மேல நிக்கும். கீழ பூவப் பிளந்து, மகரந்தத் தண்டு, சூல்பை, விதை எல்லாம் தனித் தனியா. ஒரு தண்டு கூடக் குறைய வரைஞ்சா அந்தச் செடியோட சாதியே மாறிப் போயிரும். அப்போ ரங்கையாவுக்கு 72 கலர் டப்பாவும் இல்ல, யூடியூபும் இல்ல. நிறையப் படம் இப்போ எடின்பரோ தாவரத் தோட்டத்துல பத்திரமா இருக்கு. நம்ம ஊருல அவங்க பேரச் சொன்னா, “யாரு, ஈபி லைன்மேனா?”ன்னு கேப்பான்.

இன்னொண்ணு கேளு. வைட்டு 1853-ல ஒரு ஆர்க்கிட் இனத்துக்கு ‘கோவிந்தூயியா’ன்னு பேரு வச்சாரு. கோவிந்து பேரால. துரைமாருக்கெல்லாம் செடி கெடைச்ச காலத்துல, படம் வரைஞ்ச கூலிக்காரனுக்கு ஒண்ணு கெடைச்சிருக்கு. பொறவு வந்த படிச்சவங்க அத வேற இனத்தோட சேத்து அந்தப் பேர மூட்ட கட்டிட்டாங்கங்கது வேற கதை. ஆபீசுல உனக்கு அவார்டு குடுத்துட்டு டீமையே கலைப்பாம்லா, அதே கதைதான்.

போன்ல போட்டோ எடுத்து, அத கண்ணாடிக்கு அடியில வச்சுப் பிரதி எடுக்கலாமான்னு நீ கேக்கப் போறேன்னு எனக்குத் தெரியும். எடுல, யாரு வேண்டாம்னா. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல்னு ஒரு துரையும் அவரு கூடப்பொறந்தவரு மவனும் லண்டன்ல இருந்து வந்து, 1792-ல திருநெல்வேலிச் சீமையில பாபநாசம் அருவிய வரைஞ்சாங்க. அது 1804-ல லண்டன்ல அச்சாகி வந்துச்சு. அவங்க கையிலயும் ஒரு இருட்டுப் பெட்டி உண்டு, கேமரா ஆப்ஸ்கியூரான்னு பேரு. வெளியில இருக்க காட்சி கண்ணாடி வழியாத் தாள்ல விழும், அது மேல கோடு இழுத்துக்கிடலாம். அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா பெட்டி குடுக்கது கோட்டத்தான். எந்தப் பாறை ஈரம், எது காய்ஞ்சது, எந்த எடத்துல தண்ணி தடிச்சு விழுது, எங்க புகையா ஆவுதுன்னு பெட்டிக்கும் தெரியாது, உன் போனுக்கும் தெரியாது. போன் வெள்ளைய மொத்தமா ஒரே வெளுப்பா வெளுத்துரும். அதப் பாத்து வரைஞ்சா அருவி வேட்டி காயப் போட்டதாத்தான் இருக்கும்.

இனி அருவி. ஒரு ரகசியம் சொல்லுதேன், ஐந்தருவிக்குப் போற ஆட்டோக்காரன்கிட்ட கூடச் சொல்லிராத. அருவிய வரையக் கூடாது. அருவிக்குப் பக்கத்துல இருக்கத வரையணும். தண்ணி விழுத எடம் உன் தாளோட வெள்ளை. பாறையப் பிரவுனும் இண்டிகோவும் போட்டு நல்லா இருட்டாக்கு. தண்ணி ஓரத்துல அந்த இருட்டு சில எடத்துல வெட்டுன கணக்கா நிக்கட்டும், சில எடத்துல ஈரப் பிரஷ்ஷ வச்சு மங்க விடு. பேரருவி நடுவழியில பொங்குமாங்கடல்னு சொல்லுத பள்ளத்துல விழுந்து எழும்பித்தான கீழ வருது, அங்கன மட்டும் சாம்பல் நீலத்துல நாலு வளைவுக் கோடு. மத்தபடி மேல இருந்து கீழ லேசா ரெண்டு இழுப்பு. சிதறுத திவலை வேணும்னா, மொதல்லயே வெறும் தாள்ல மெழுகுவர்த்தி ஓரத்த வச்சு லேசா உரசி வை. பூச்சு அதுல ஒட்டாம ஒதுங்கும். மலைக்குப் பச்சைப் பென்சில எடுக்காத, மஞ்சளும் நீலமும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டு, ஒரு பொட்டு செம்மண் கலரு வை. சாரல் நேரத்துல தூரத்து மலை பச்சையே கெடையாது, கண்ணத் தொறந்து பாரு.

குத்தாலநாதர் கோயிலுக்குப் போவேல்லா, சித்திர சபைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வா. சிதம்பரத்துல பொன், மதுரையில வெள்ளி, நெல்லையில தாமிரம், திருவாலங்காட்டுல ரத்தினம், இங்கன சித்திரம். நடராசரே சுவத்துப் படமா இருக்கச் சம்மதிச்ச ஊரு இது. அங்க இருக்க சாமிகளப் பாத்து மூக்கு நெசமா இல்ல, நிழல் சரியில்லன்னு நொட்டை சொல்லிராத, அவங்க கணக்கு வேற. கோடு எப்படி ஒரே மூச்சுல போயிருக்குன்னு மட்டும் பாரு. உன் கை நடுங்குத எடத்துல அவங்க கை நடுங்கலன்னு தெரியும்.

அவ்வளவுதான். ஆ, ஒண்ணு மறந்தேன். மங்குஸ்தானும் அருவியும் கைக்கு வந்த பொறவு எனக்கும் ஒரு படம் போட்டுக் குடு. வீட்டுல சுவத்துல மாட்ட ஒண்ணு வேணும்லா, வயசு ஆகுது, நாளைக்கு மாலை போடுததுக்கு அவசரத்துல என்ன கெடைக்கும்னு யாரு கண்டா? ஆதார் கார்டுல இருக்கதப் பாத்து வரைஞ்சுராத, அதுல போலீஸ் தேடுதவனா நிக்கேன். நேர உக்காந்துதான் தருவேன். மீசைய நெசமா வரை, காத நெசமா வரை. நெத்திச் சுருக்கத்துக்கும் கண்ணுக்குக் கீழ தொங்குத பைக்கும் மட்டும் தண்ணியக் கொஞ்சம் தாராளமாவே விட்டுக்கோ. கரைஞ்சு போனாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.