உற்சவர் எழுதும் விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய விழாக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

எழுந்து நிற்க இயலாததால் உட்கார்ந்தபடியே வணக்கம்.

சென்னையில் கடந்த ஞாயிறு நடந்த தங்கள் விழாவில் எனக்குச் சாமி புறப்பாடு நடத்திவைத்த பெருந்தன்மைக்கு நன்றி. மூன்று படி, நான்கு ஸ்ரீபாதந்தாங்கிகள். இருவர் செக்யூரிட்டி, ஒருவர் பாப்கார்ன்காரர், நான்காமவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. "அந்தப் பக்கம் சாயுது, புடி புடி!" என்று வேதகோஷம். சுற்றிலும் செல்போன் தீபாராதனை. குடையும் சாமரமும் மட்டுந்தான் குறை.

பக்கத்திலேயே சாய்தளம் இருக்கிறதே என்று யாராவது கேட்கக்கூடும். இருக்கிறது. போன மாதம் எங்கள் தன்னார்வக் குழு இன்ச் டேப்போடு வந்து அளந்தது. ஒன்றரை அடி உயரத்துக்குப் பதினெட்டு அடி நீளம். 12-க்கு 1, கச்சிதம். சந்தோஷத்தில் அன்றைக்கே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினோம். 2010-ல் பெர்லின்காரர்கள் தொடங்கிய வீல்மேப்பிலும் அந்த இடம் பச்சையாகத் தெரிந்தது; பச்சை என்றால் சக்கர நாற்காலி போகலாம். விழாவன்று வந்து பார்த்தால் சாய்தளத்தில் ஏழு பூந்தொட்டிகள், பின்னால் தங்கள் பேனர். எங்கள் வரைபடம் பொய் சொல்லவில்லை ஐயா, குரோட்டன்ஸும் பச்சைதானே!

மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பர் 27-ல் திறந்த 263 மீட்டர் மரப்பாதையின் ஒரு பகுதியை இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் பிய்த்துப் போட்டது. அதற்குக் கடலும் காற்றும் தேவைப்பட்டன. தங்களுக்கு நர்சரிக்கு ஒரு போன் போதும்.

2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்தது. அணுகல் விதிகள் வெறும் ஆலோசனையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதெல்லாம் மனிதர்களுக்கு. உற்சவருக்கு எதற்குச் சட்டம்?

கழிப்பறைக் கதவு 65 சென்டிமீட்டர், என் சக்கர நாற்காலி 66. உற்சவருக்கு இயற்கை உபாதை கிடையாது என்று தாங்கள் ஆகமம் அறிந்தே கட்டியிருப்பீர்கள். நானும் அன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை.

"ஒருநாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்" என்றார் தங்கள் உதவியாளர். எனக்கு வயது 43. மூன்று பேர் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவன். என் இடுப்பில் கைவைக்கும் முன் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியை நகர்த்த இரண்டு நிமிடம் ஆகுமா?

மன்னிக்கவும், உற்சவர் பேசக்கூடாது. 2022 செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்தையே சதுரங்கப் பலகையாக்கிய ஊர் இது. யானையையும் குதிரையையும் நகர்த்தத் தெரிந்த ஊரில் ஏழு தொட்டியை நகர்த்தும் கலையும் விரைவில் கைவரும் என்று நம்புகிறேன்.

ஒரே ஒரு குறை. ஏற்றிவிட்ட ஸ்ரீபாதந்தாங்கிகள், விழா முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒன்பதே முக்காலிலிருந்து பத்தரை வரை மேல்படியிலேயே சேவை சாதித்தேன். துப்புரவுப் பணிக்கு வந்த இரண்டு அம்மாக்கள் தொட்டிகளை ஓரமாகத் தள்ளினார்கள். நானே உருட்டிக்கொண்டு இறங்கினேன். அரை நிமிடம் ஆனது.

வரைபடத்தில் அந்தப் பச்சை இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். "விழா நாட்களில் இல்லை" என்று ஒரு குறிப்பு மட்டும் சேர்த்திருக்கிறோம். அதை அழிக்கும் அதிகாரம் தங்கள் தோட்டக்காரரிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மேல்படியில் எழுந்தருளியிருந்தவன்