நைட் ஷிஃப்டும் ஞாயிறு ஆராதனையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. சனி இரவு ஷிஃப்ட் முடித்து, குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு ஆராதனைக்கு வருகிறவர் பிரசங்கம் தொடங்கியதும் கண்ணயர்வது சகஜம். அதைத் திருத்த இரண்டு வகை ஆட்கள் உண்டு. ஒருவர் பக்கத்தில் வந்து, "நைட் ஷிஃப்டா பிரதர்? சாயங்கால ஆராதனைக்கு வாங்களேன், தூங்கி எழுந்து வரலாம்" என்பார். இன்னொருவர் அவரிடம் வாயே திறக்க மாட்டார். ஜெபக் கூட்டத்தில்தான் திறப்பார்: "ஒரு சகோதரன் ஆவிக்குரிய தூக்கத்துல இருக்கார். பேர் சொல்ல விரும்பல. ஃபர்னஸ்ல வேலை, மூணாவது வரிசையில ஃபேனுக்குக் கீழே உட்காருவார். பாரத்தோட ஜெபிச்சுக்கோங்க." கர்த்தருக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்ற கவலை!

என் கட்சி இதுதான்: கண்டிப்பு அன்பிலிருந்து வந்ததா என்பதைக் குரலின் குழைவை வைத்துச் சொல்ல முடியாது. 'அன்புல சொல்றேன்' என்ற முன்னுரையை வைத்து அறவே முடியாது. அந்தப் பேச்சு முதலில் யார் காதுக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். மத்தேயு 18-இல் இயேசு வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறார்: முதலில் தனியாக அவனிடம், பிறகு ஓரிருவரோடு, கடைசியில் சபைக்கு. நாம் அதே வரிசையைக் கடைசியிலிருந்து தொடங்குகிறோம். சபையே கேட்டு முடித்த பிறகு மிச்சம் மீதி இருந்தால் சம்பந்தப்பட்டவருக்கு வந்து சேரும். வேதத்திலும் தூங்கியவர்கள் உண்டு. துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பிரசங்கிக்க, ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். கண்டித்ததாக ஒரு சொல்கூட இல்லை. (மேலே திரும்பி வந்து விடியும்வரை பேசினார் என்பது வேறு விஷயம்.) சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டுப் படுத்த எலியாவுக்கும் முதலில் கிடைத்தது அடையும் தண்ணீரும் தூக்கமும்தான். தான் ஒருவனே மிச்சம் என்ற அவனுடைய நினைப்பு திருத்தப்பட்டு, 7000 பேர் கணக்கு சொல்லப்பட்டது 40 நாள் நடைக்குப் பிறகு.

பவுலே அந்தியோகியாவில் பேதுருவை எல்லார் முன்னும் கண்டித்தாரே என்பார்கள். கண்டித்தார். ஆனால் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்ட பந்தியிலிருந்து விலகியதும் எல்லார் கண்ணெதிரில்தான். பவுல் சொன்னதும் அவர் முகத்துக்கு நேரே. பொன்னேரி தாண்டும் மின்சார ரயிலில் மூன்றாம் ஆளிடம் சொல்லவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: இந்த வரிசையைக் காட்டியே கேள்வி கேட்பவர் வாயை அடைக்கலாமே? அடைக்கிறார்கள். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தைக்கூட 'தனியாகப் பேசித் தீர்க்க' மத்தேயுவைத் துணைக்கு அழைப்பவர்கள் இருக்கிறார்கள். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் செய்யாததே குற்றம். அதேபோல, கண்டிப்பைக் கேட்டவருக்கு வலித்தது என்பதும் அளவுகோல் ஆகாது. 1820 முதல் திருநெல்வேலியில் உழைத்த மிஷனரி ரேனியுஸ், ஆங்கிலிக்கன் சபை ஒழுங்கை விமர்சித்து எழுதினார். சர்ச் மிஷனரி சங்கத்துக்கு வலித்தது, 1835-இல் அவரை விலக்கியது. அதனாலேயே அவருடைய விமர்சனம் தீங்கானது என்றாகிவிடாது. இன்று சபைக் கணக்கு கேட்கிறவருக்கு 'குறை சொல்லும் ஆவி' என்று பட்டம் கட்டுகிறார்கள். அவர் கணக்கு நோட்டைப் பொருளாளரிடம் கேட்டாரா, டீக்கடையில் கேட்டாரா என்று மட்டும் விசாரிக்கலாம். பொருளாளரிடம் கேட்டும் வரவில்லையென்றால் இரண்டு பேரோடு போகட்டும். அதற்கும் அசையாவிட்டால் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, மைக்கைக் கேட்டு வாங்கட்டும்.